இடது காதுல நிக்கவே மாட்டேங்குது, சின்னக் காதுக்கு எந்த இயர்போன்?

பொங்கோல்_கிளி · திங்கள் இரவு 10:40

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க வாசிச்சுட்டு மட்டும் இருக்கேன், எழுதறது இதுதான் மொத தடவ. ரெண்டு வருஷத்துல நாலு இயர்போன் வாங்கிட்டேன், நாலும் டிராயர்ல கெடக்கு. கடைசியா வாங்கினது 300 வெள்ளிக்கு மேல, வயர்லெஸ், பேரு வேணாம், ஊரே நல்லா இருக்குன்னு சொல்லுது, என் இடது காதுல மட்டும் பத்து நிமிஷம் தாங்க மாட்டேங்குது. மெதுவா வழுக்கிக்கிட்டே வரும், கொட்டாவி விட்டா போதும் விழுந்துடும். போன மாசம் சிராங்கூன் ஸ்டேஷன் எஸ்கலேட்டர்ல விழுந்து பின்னாடி நின்ன ஸ்கூல் பையன் எடுத்துக் குடுத்தான், கொஞ்சம் விட்டிருந்தா பல்லுக்குள்ள போயிருக்கும்.

காலைல பொங்கோல்ல ஏறி, சிராங்கூன்ல மாறி, சர்க்கிள் லைன்ல ஒன் நார்த் போவேன், முழுக்க சுரங்கம், சத்தம் எப்படி இருக்கும்னு தெரியும்ல. வீட்டுல ரெண்டு பிள்ளைங்க, அதனால போறப்பவும் வர்றப்பவும் கிடைக்கற அந்த நேரம்தான் எனக்குன்னு உள்ளது. கேக்கறது முக்கால்வாசி கச்சேரி, மீதி எண்பதுகள்ல வந்த சினிமா பாட்டு. எங்கம்மா வீணை சொல்லிக் குடுத்தவங்க, தம்புரா சத்தத்துலயே வளந்த ஆளு நான். இப்ப இந்த இயர்போன்ல தம்புரா கொசு மாதிரி கேக்குது, மிருதங்கம் அட்டைப் பெட்டிய தட்டற மாதிரி கேக்குது, பாடறவங்க ‘ஸ’ன்னு இழுத்தா காதுல ஊசி குத்துது. சவுண்ட கூட்டினா வலிக்குது, கொறைச்சா ரயில் சத்தம்தான் கேக்குது.

என் காதுதான் சரியில்லையா, இல்ல எனக்கு வாங்கத் தெரியலையா? 150 வெள்ளி வரைக்கும் செலவு பண்ணலாம், அதுக்கு மேல வீட்டுல கேக்க மனசு வரல.

ஈசூன்காரன் · திங்கள் இரவு 11:15

அக்கா வணக்கம். 150 எல்லாம் தேவையே இல்ல, இப்ப 30, 40 வெள்ளிக்கே சீனாக்காரன் பண்ற வயர் வெச்ச இயர்போன் பிரமாதமா வருது, மூன்டிராப், ட்ரூத்தியர் இதெல்லாம் பாருங்க. ஆடியோ சாமான் பண்ற ஹார்மன் கம்பெனில நெறைய பேர உக்கார வெச்சு கேக்க விட்டு, பெரும்பாலானவங்களுக்கு எந்த மாதிரி ட்யூனிங் பிடிக்குதுன்னு ஒரு கோடு போட்டு வெச்சிருக்காங்க, இவங்க எல்லாம் அதுக்கு ஒட்டி ட்யூன் பண்றாங்க. கிரினாக்கிள்ங்கற பேர்ல எழுதறவர் நம்ம சிங்கப்பூர் ஆளுதான், நூத்துக்கணக்கான இயர்போன அளந்து கிராஃப் போட்டு வெச்சிருக்காரு. அத பாத்து, பேஸ், அதான் அடி சத்தம், கொஞ்சம் தூக்கலா, டிரெபிள், அதான் மேல் சத்தம், அடங்கி இருக்கறதா ஒண்ணு எடுங்க, ‘ஸ’ குத்தறது நிக்கும்.

ஒலிப்பெட்டி · செவ்வாய் காலை 6:20

தங்கச்சி, கொஞ்சம் பொறுங்க, இப்ப எதையும் வாங்காதீங்க. தம்பி சொல்றது தப்பில்ல, ஆனா அது ரெண்டாவது வேல.

நான் முப்பது வருஷமா சவுண்ட் போடறவன், கோயில் திருவிழா, சமூக மன்றத்துல கச்சேரி, கல்யாணம்னு. நீங்க எழுதினதுல எனக்கு பளிச்சுனு தெரிஞ்சது ‘அட்டைப் பெட்டி’ங்கற வார்த்தை. மிருதங்கத்துல எடது பக்கம், அதான் தொப்பி, கேக்காம வலது பக்க வலந்தலை மட்டும் கேட்டா அப்படித்தான் இருக்கும். தொப்பி முழுக்க அடி ஸ்வரம், அதாவது பேஸ். அது எங்க போச்சு? உங்க இயர்போன் அத குடுக்காம இல்ல, குடுக்குது, காதுக்கும் இயர்போன் நுனியில உள்ள ரப்பருக்கும் நடுவுல உள்ள சந்து வழியா வெளிய ஓடிடுது. காதுக்குள்ள வைக்கற இயர்போன்ல ஒலிப்பான் ரொம்ப சின்னது, மூடின குழாய்க்குள்ள இருக்கற கொஞ்சூண்டு காத்த அழுத்தித்தான் அதால பேஸ் குடுக்க முடியும். ஒரு முடியளவு ஓட்டை இருந்தாலும் மொதல்ல போறது பேஸ்தான். பேஸ் போனதும் மீதி எல்லாம் கீச்சுனு முன்னாடி வந்து நிக்கும், நீங்க சவுண்ட கூட்டுவீங்க, ‘ஸ’ குத்தும். நீங்க சொன்ன மூணு குறையும் ஒரே குறைதான்.

இத நீங்களே சோதிச்சுப் பாக்கலாம், உங்க வீட்டுல வளந்த சத்தத்த வெச்சே. ஃபோன்ல ஆக்சசிபிலிட்டி செட்டிங்ல மோனோ ஆடியோன்னு ஒண்ணு இருக்கும், அத ஆன் பண்ணிட்டு வெறும் தம்புரா ஸ்ருதிய போடுங்க. ரெண்டு பக்கமும் சரியா அடைஞ்சிருந்தா தம்புரா நெத்திக்கு நடுவுல வந்து உக்காரும். மந்தர ஸட்ஜம் ஒரு பக்கமா சாஞ்சா, சாயாத பக்கம் ஒழுகுதுன்னு அர்த்தம்.

டிராயர்ல நாலு இயர்போன் கெடக்குன்னு சொன்னீங்கல்ல, நாலு டப்பாலயும் எஸ், எம், எல்னு ரப்பர் குடுத்திருப்பான், எல்லாத்தையும் எடுத்து மேஜைல கொட்டுங்க. ரெண்டு காதுக்கும் ஒரே சைஸ்தான் போடணும்னு சட்டம் கிடையாது.

தொப்பி_வலந்தலை · செவ்வாய் காலை 8:05

அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு. நான் மிருதங்கம் வாசிக்கறவன். சோதிக்கறதுக்கு தனி ஆவர்த்தனத்துல கும்கி வர்ற எடத்த போட்டுக் கேளுங்க, எடது கை மணிக்கட்டால தோல அழுத்தி நகத்தறப்ப ‘கூம்ம்’னு ஸ்வரம் வளைஞ்சு ஏறும். அந்த வளைவு வயித்துல இருந்து வர்ற மாதிரி இருந்தா அடைப்பு சரி. வளைவு கேக்காம தட்டற சத்தம் மட்டும் கேட்டா இல்ல.

மழைச்சாரல் · செவ்வாய் மதியம் 12:50

நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன். பொங்கோல் லைன் மாதிரி சுரங்கத்துல வயர் இயர்போன் போட்டுக் கேக்கறவங்கள பாத்தா எனக்கு பாவமா இருக்கும், சத்தத்தோட சண்டை போட்டுக்கிட்டு இருப்பாங்க. நாய்ஸ் கேன்சலிங் இருந்தா ரயிலோட அந்த ‘ஊஊ’ங்கற உறுமல் அப்படியே அடங்கிடும். கிளிக்கும் கையில இருக்கறது கேன்சலிங் உள்ளதுதான்னு நெனைக்கறேன், அத விட்டுட்டு திரும்ப வயருக்குப் போகணுமா? பிள்ளைய தூக்கிக்கிட்டு வயர் மாட்டிக்கிட்டா எவ்ளோ தொந்தரவு.

ஒலிப்பெட்டி · செவ்வாய் மதியம் 1:30

சாரல், கேன்சலிங் அடி சத்தத்த நல்லா அடக்கும், மறுக்கல. ஆனா தண்டவாளம் கீச்சிடறது, கதவு மூடறப்ப அடிக்கற மணி, பக்கத்துல பேசறது இதெல்லாம் மேல் சத்தம், அத தடுக்கறது ரப்பர் அடைப்புதான். ரப்பர் ஒழுகினா கேன்சலிங்கும் பாதிதான் வேல செய்யும். அதனால வயரோ வயர்லெஸ்ஸோ, மொத கேள்வி அடைப்பு.

இரவுப்பணி · செவ்வாய் இரவு 9:10

நான் நர்ஸ். காது மூக்கு தொண்டை பிரிவுல சில வருஷம் இருந்திருக்கேன், அங்க பாத்தத சொல்றேன்.

காது துவாரம் நேர் குழாய் இல்லம்மா, லேசா எஸ் மாதிரி வளைஞ்சிருக்கும், பெரியவங்களுக்கு ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் நீளம். ரெண்டு காதும் ஒரே அளவா இருக்கணும்னு கிடையாது, எடதும் வலதும் வேற வேறயா இருக்கறது சாதாரணம், அதுல குறை ஒண்ணும் இல்ல, “என் காது சரியில்லையா”ன்னு கேட்டீங்கல்ல, அதுக்காக சொல்றேன். நேரா உள்ள தள்ளினா ரப்பர் வளைவுல முட்டி நிக்கும், அப்பறம் வாய் அசைக்கறப்ப தாடை எலும்பு நகர்ந்து வெளிய தள்ளிடும். எடது காதுக்கு வலது கைய தலைக்கு மேல கொண்டு போய் காது மடல மேல, பின்பக்கமா இழுங்க, துவாரம் நேராகும், அப்ப எடது கையால உள்ள வெச்சு லேசா திருப்பி, மடல விடுங்க. ஃபோம் இயர்பிளக் வைக்கறதுக்கும் இதே முறைதான்.

இன்னொரு சோதனை, பாட்டே வேணாம். ரெண்டையும் மாட்டிக்கிட்டு வாய மூடி ‘ம்ம்ம்’னு சொல்லுங்க. அடைச்ச காதுல நம்ம குரல் எலும்பு வழியா பெருசா கேக்கும், அதனால எந்தப் பக்கம் நல்லா அடைஞ்சிருக்கோ அந்தப் பக்கம் ‘ம்ம்ம்’ சாயும். நடுவுல நின்னா ரெண்டும் சரி.

சவுண்ட் விஷயத்துல தயவுசெஞ்சு கவனமா இருங்க. உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு சொல்ற அளவு 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம். 3 டெசிபல் கூடினா நேரம் பாதியாயிடும், 83ல 20 மணி, 86ல 10 மணி, 89ல 5 மணி. ரயில் சத்தத்த ஜெயிக்கணும்னு கூட்டறவங்க அந்த 5 மணி கணக்குக்கு சீக்கிரமே வந்துடுவாங்க. அடைப்பு சரியா இருந்தா கூட்ட வேண்டிய தேவையே வராது.

நம்ம ஊரு புழுக்கத்துல காது ஈரமா இருக்கறப்ப மாட்டாதீங்க, குளிச்சா நல்லா காய விடுங்க. ஈரத்தோட அடைச்சு வெச்சா பூஞ்சை வரும், அரிக்கும். காட்டன் பட்ஸ் உள்ள விட்டு குடையாதீங்க. வலி, சீழ், காது கேக்காத மாதிரி இருந்தா இயர்போன நிறுத்திட்டு பலதுறை மருந்தகத்துல காட்டுங்க.

பொங்கோல்_கிளி · புதன் இரவு 11:25

பிள்ளைங்க தூங்கினப்பறம் எல்லா ரப்பரையும் எடுத்து சாப்பாட்டு மேஜைல கொட்டி உக்காந்தேன். பதினாலு இருந்துச்சு. இவ்ளோ நாளா டப்பாவ பிரிச்சு அதுல மாட்டியிருந்த எம் சைஸ மாத்தாமயே போட்டிருக்கேன், ஒரு தடவ கூட மத்தத தொட்டுப் பாக்கல.

மொதல்ல ‘ம்ம்ம்’ சொன்னேன். முழுக்க வலது பக்கம் சாஞ்சுடுச்சு, எடதுல ஒண்ணுமே இல்ல. அண்ணன் சொன்ன தம்புராவும் அப்படித்தான். எடதுக்கு எஸ் மாத்தி, அக்கா சொன்ன மாதிரி மடல இழுத்து வெச்சேன், ஏதோ தண்ணிக்குள்ள முங்கின மாதிரி ஃபேன் சத்தம் நின்னு போச்சு, தம்புரா மெதுவா நகர்ந்து நடுவுக்கு வந்துச்சு. பஞ்சமம், சாரணை ரெண்டு, மந்தரம், நாலு தந்தியும் தனித்தனியா. அப்படியே உக்காந்துட்டேன். எங்கம்மா வீடு ஞாபகம் வந்துடுச்சு.

ஆனா அரை மணி நேரத்துல எடது காது துவாரத்து ஓரம் வலிக்க ஆரம்பிச்சிடுச்சு, ரப்பர் உறுத்தல, உள்ள ஏதோ கெட்டியா அழுத்தற மாதிரி. கழட்டினா செவந்திருக்கு. இதுக்கு என்ன பண்றது?

ஒலிப்பெட்டி · வியாழன் காலை 6:35

நாலு தந்தியும் கேட்டதுல ரொம்ப சந்தோஷம் தங்கச்சி. வலிக்கு காரணம் ரப்பர் இல்ல, அதுக்குள்ள இருக்கற மூக்கு, நாசில்னு சொல்வாங்க. நெறைய இயர்போன்ல மூக்கே 5, 6 மில்லிமீட்டர் தடிமன். அது மேல எஸ் ரப்பர் போட்டாலும் ரப்பருக்கு சுருங்க எடம் இல்ல, பிளாஸ்டிக் மேல ஒரு தோல் போத்தின மாதிரிதான். உங்களுக்கு வேண்டியது மெல்லிசு மூக்கு உள்ளது. ஷூர், எட்டிமோட்டிக் இவங்க மூக்கு 3 மில்லிமீட்டர் அளவுதான், அதுல எந்த ரப்பரும் நல்லா சுருங்கும். எட்டிமோட்டிக் 1991ல ஈஆர்-4 கொண்டு வந்தப்பவே மூணு அடுக்கு ரப்பர் வெச்சு ஆழமா போற மாதிரி பண்ணினவங்க, அடைப்புல அவங்கள அடிச்சுக்க ஆளில்ல, ஆனா ஆழம் எல்லாருக்கும் ஒத்துக்காது, போட்டுப் பாத்தாதான் தெரியும்.

எங்க காலத்துல நம்ம ஊரு கிரியேட்டிவ் கம்பெனி ஈபி-630னு ஒரு குட்டி இயர்போன் போட்டாங்க, காதுக்குள்ள வைக்கறதுல நெறைய பேருக்கு மொத இயர்போன் அதுதான். லேசா, சின்னதா, மாட்டியிருக்கறதே தெரியாது. அந்தக் கம்பெனிய ஆரம்பிச்சு, கம்ப்யூட்டருக்கு சவுண்ட் பிளாஸ்டர் கார்டு பண்ணின சிம் வோங் ஹூ 2023 ஜனவரில காலமானப்ப அத தேடி எடுத்துப் பாத்தேன், ஒரு பக்கம் இன்னும் பாடுது.

ஆன்லைன்ல வாங்காதீங்க. சிட்டி ஹால் எம்ஆர்டில எறங்கி கோல்மன் ஸ்ட்ரீட் அடெல்ஃபிக்கு போங்க, ஆடியோ கடைங்க இருக்கு, காதுல போட்டுப் பாக்க விடுவாங்க. உங்க ரப்பரையும் எடுத்துட்டுப் போங்க.

ஈசூன்காரன் · வியாழன் மதியம் 12:40

அண்ணே, நான் அவசரப்பட்டு மாடல் பேரு சொல்லிட்டேன், மன்னிச்சுக்குங்க அக்கா. இத யோசிச்சப்பறம் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. கிராஃப்ல எல்லா இயர்போனுக்கும் 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கூம்பு இருக்கும், அது இயர்போனோடது மட்டும் இல்ல, மூக்கு நுனிக்கும் செவிப்பறைக்கும் நடுவுல உள்ள காத்தோட ஒத்ததிர்வு. ஆழமா வெச்சா கூம்பு மேல நகரும், மேலாப்ல வெச்சா கீழ எறங்கி வந்து ‘ஸ’ மேலயே உக்காரும். அக்காவுக்கு எடது பாதிதான் உள்ள போயிருந்துச்சு, அதனால ஊசி குத்தினதுக்கு அதுவும் காரணமா இருக்கும். அளக்கற மெஷினோட செயற்கைக் காதுல எடுத்த கிராஃப் அக்கா காதுல அப்படியே வராது.

ரப்பருக்குப் பதிலா ஃபோம் டிப், அதான் பஞ்சு மாதிரி மெத்துனு இருக்கற நுனி, போட்டுப் பாருங்க, உருட்டி மெல்லிசாக்கி உள்ள வெச்சு அரை நிமிஷம் பிடிச்சா தானா விரியும், ‘ஸ’வும் கொஞ்சம் அடங்கும்.

தொப்பி_வலந்தலை · வியாழன் மாலை 6:15

ஃபோம் இங்க சரிப்படாது தம்பி. வேர்வைய உறிஞ்சி ரெண்டு மாசத்துல கல்லு மாதிரி ஆயிடும், கழுவவும் முடியாது, ஒவ்வொரு தடவையும் பத்து பதினஞ்சு வெள்ளி. நான் மூணு ஜோடி போட்டுட்டு விட்டுட்டேன். சிலிக்கான் ரப்பர்னா சோப்பு போட்டு வெதுவெதுப்பான தண்ணில கழுவி தொடச்சு காய வெச்சா முடிஞ்சுது.

ஈசூன்காரன் · வியாழன் மாலை 6:50

முகாம்ல இருக்கறப்ப எனக்கு ஃபோம்தான் தூக்கம் குடுத்துச்சு அண்ணே. காது வலிக்கறவங்களுக்கு அது மெத்தை மாதிரி. காசு ஆகுது, ஒத்துக்கறேன்.

பொங்கோல்_கிளி · சனி இரவு 10:05

இன்னிக்குப் போயிட்டு வந்தேன். பிள்ளைங்கள அவர் பாத்துக்கிட்டாரு.

மொதல்ல ஒரு ஷாப்பிங் சென்டர் கடைக்குப் போனேன், அங்க டப்பாவ பிரிக்கவே விடல, சுத்தத்துக்காகன்னு சொன்னாங்க, சரி, ஆனா போட்டுப் பாக்காம எப்படி வாங்கறது? அப்பறம் அடெல்ஃபி. அங்க ஒரு கடைல வயசான சீனத்து அங்கிள், நான் கொண்டு போன ரப்பர் பைய பாத்துட்டு ஒண்ணும் கேக்கல, ஸ்டூல இழுத்துப் போட்டாரு. ஆல்கஹால் துணியால ஒவ்வொண்ணையும் தொடச்சுக் குடுத்தாரு. எட்டிமோட்டிக் மொதல்ல, அண்ணே, அடைப்பு நம்ப முடியல, கடை ஏர்கான் சத்தமே மறைஞ்சு போச்சு, தம்புரா அவ்ளோ சுத்தம். ஆனா உள்ள போறப்ப எனக்கு உடம்பு கூசிடுச்சு, ரெண்டு தடவ முயற்சி பண்ணி விட்டுட்டேன்.

அப்பறம் ஷூர் எஸ்இ215. வயர் காதுக்கு மேல சுத்திப் போகுது. மொதல்ல தலகீழா மாட்டிட்டேன், அங்கிள் வாங்கி திருப்பி, காது மடலுக்குப் பின்னாடி வயர விட்டு, கண்ணாடியில காட்டினாரு. எடதுக்கு எஸ், வலதுக்கு எம். மூக்கு ஒரு குச்சி மாதிரி மெல்லிசு, உள்ள போனதே தெரியல. ‘ம்ம்ம்’ சொன்னேன், நடுவுல நின்னுச்சு. அங்கிள் என்ன பாத்து தலையாட்டினாரு, அவருக்கும் தெரிஞ்சிருக்கு அந்த சோதனை.

தனி ஆவர்த்தனம் போட்டேன். கும்கி வளைஞ்சு வந்துச்சு தம்பி, நீங்க சொன்ன மாதிரியே, வயித்துல. வாய் அசைச்சேன், தலைய ஆட்டினேன், கடைய விட்டு வெளிய போய் படிக்கட்டுல ஏறி எறங்கினேன், நகரல. ஃபோன்ல பாதிக்கும் கீழதான் சவுண்ட் இருந்துச்சு. பட்ஜெட்டுக்குள்ள அடங்குச்சு, வாங்கிட்டேன்.

ஒண்ணு மட்டும், நடக்கறப்ப ‘டம் டம்’னு என் காலடியே கேக்குது. அப்பறம் என் ஃபோன்ல இயர்போன் வயர் சொருகற ஓட்டை இல்லயே, யூஎஸ்பி-சி வயர் துண்டு ஒண்ணு அங்கிளே குடுத்தாரு, அது நல்லதா?

ஒலிப்பெட்டி · ஞாயிறு காலை 7:00

அருமை. காலடி சத்தம் கேக்கறது காது அடைஞ்சதுக்கு அடையாளம், உடம்பு வழியா ஏறி வர்றது, அதுக்கு மருந்து இல்ல, உக்காந்திருக்கறப்ப வராது. வயர் சட்டையில உரசற சத்தம் தனி, அதுக்குத்தான் காதுக்கு மேல சுத்தறது, கழுத்துக்குக் கீழ இருக்கற சின்ன வளையத்த மேல தள்ளி இறுக்கிக்குங்க. அந்த வயர் துண்டு போதும், எஸ்இ215 சிரமப்படுத்தற இயர்போன் இல்ல.

தொப்பி_வலந்தலை · ஞாயிறு காலை 10:20

வாழ்த்துகள் அக்கா. அதுல தொப்பி கொஞ்சம் வீங்கித்தான் கேக்கும், உண்மையான மிருதங்கம் அவ்ளோ கும்முனு இருக்காது. பாட்டு ஆப்ல ஈக்வலைசர், அதான் அடி சத்தம், மேல் சத்தத்த தனித்தனியா ஏத்தி எறக்கறது, இருந்தா 200 ஹெர்ட்ஸ் பக்கம் 2, 3 டெசிபல் எறக்குங்க, வயலின் தெளியும். மேல ஏத்தாதீங்க.

மழைச்சாரல் · ஞாயிறு மதியம் 3:35

இத எல்லாம் படிச்சுட்டு என்னோட வயர்லெஸ்ல ‘ம்ம்ம்’ சொல்லிப் பாத்தேன். எடது பக்கம் சாஞ்சுது. வலதுக்கு எல் போட்டேன், இப்ப கேன்சலிங் ரெண்டு மடங்கு நல்லா இருக்கற மாதிரி தெரியுது. மூணு வருஷமா போடறேன் இத.

பொங்கோல்_கிளி · மூணு வாரம் கழிச்சு, வெள்ளி இரவு 9:50

எல்லாருக்கும் சொல்லணும்னு இருந்தேன். தினமும் போறேன் வர்றேன், ஒரு தடவ கூட விழல. 200 ஹெர்ட்ஸ் எறக்கி வெச்சிருக்கேன், சரியா இருக்கு தம்பி. இரவுப்பணி அக்கா, காலைல குளிச்ச உடனே மாட்டறத விட்டுட்டேன், பஸ்ல போறப்ப சும்மா இருந்துட்டு ரயில்லதான் மாட்டறேன். ரப்பர ஞாயித்துக்கிழமை கழுவறேன், அப்ப வெளக்குல பிடிச்சு பாத்தா இயர்போன் மூக்கு நுனியில காது மெழுகு தெரியும், காஞ்ச துணியால தொடச்சுடறேன்.

போன வாரம் அம்மா வந்திருந்தாங்க. அவங்களுக்கு இப்ப காது கொஞ்சம் மந்தம், டிவி சத்தமா வெப்பாங்க. சாப்பிட்டப்பறம் சோபால உக்கார வெச்சு, நான் வெச்சிருந்த ரப்பர எல்லாம் ஒவ்வொண்ணா போட்டுப் பாத்து, மடல இழுத்து மாட்டி விட்டேன். சின்னப் பிள்ளைல எனக்கு அவங்க தோடு மாட்டி விட்ட மாதிரி இருந்துச்சு. அவங்களோட பழைய ரெக்கார்டிங் ஒண்ணு, அவங்களே வாசிச்சது, கேசட்ல இருந்து ஃபோன்ல ஏத்தி வெச்சிருந்தேன். கண்ண மூடிக்கிட்டு ரொம்ப நேரம் கேட்டாங்க, நான் பேசவே இல்ல. கழட்டிட்டு சொன்ன மொத வார்த்தை, “பஞ்சமம் ஒரு இழை எறங்கியிருக்குடி, அன்னிக்கு நான் கவனிக்கல.”

இத்தன வருஷம் அந்த ரெக்கார்டிங் கேட்டிருக்கேன், எனக்கு அது தெரியாது. இப்ப கேட்டா தெரியுது.

அவங்களுக்கும் ஒண்ணு வாங்கப் போறேன், நாளைக்கு அதே அங்கிள் கடைக்கு, சவுண்ட் அளவ நானே கொறைச்சு வெச்சுக் குடுப்பேன். அம்மாவுக்கு ரெண்டு காதுக்கும் எஸ்.